பதினாறு அடிப் புகைக்குழாய்

தமிழோ? நான் நினைச்சனான். வாங்கோ தம்பி, வாங்கோ. மனிசியும் பிள்ளையளும் குதிரை வண்டிலிலை போயிட்டினமோ? அது காட்டைச் சுத்தி வர முக்கால் மணித்தியாலம் செல்லும். அந்த வாங்கிலை இருங்கோ. அடுப்புக்குக் கிட்டப் போகாதையுங்கோ, உங்கட ஜாக்கெற் உருகிப்போம்.

என்ன, மேசையின்ரை காலைப் பாக்கிறியள்? எல்லாரும் கேக்கிறவை. ஓம், அது புகைக்குழாய்தான். நாலு காலும் நாலு துண்டு, மேசை உயரத்துக்கு வெட்டினது. பன்னிரண்டு அங்குல அகலம். குலுக்கிப் பாருங்கோ, அசையாது. வாங்கினது நான்தான். மேசைக்காலுக்கு எண்டு வாங்கேல்லை. அது ஒரு கதை. என்ரை மனிசி அதை வேறை மாதிரிச் சொல்லுவா, அவவிட்டைக் கேட்டிடாதையுங்கோ.

என்ரை பேர் இராசநாயகம். அங்கை அடுப்பிலை இருக்கிற பெரிய தாச்சிக்குப் பக்கத்திலை ஊண்டுகோலோடை நிக்கிறாரே, கட்டம் போட்ட சேட்டோடை, அந்த வெள்ளைக்காரர்தான் கோர்டன். என்ரை சம்பந்தி. அவற்றை மகனைத்தான் என்ரை மகள் மதுரா முடிச்சவள். இந்த மேப்பிள் காடு, இந்தக் கொட்டில், எல்லாம் அவற்றை சொத்து. மரத்திலை துளை போட்டுச் சாறு எடுத்து, இந்தத் தாச்சியிலை விட்டுக் காய்ச்சினால் இனிப்புப் பாணி வரும். எங்கட பனம்பாணி மாதிரித்தான். ஆனா நாப்பது வாளி காய்ச்சினால்தான் ஒரு வாளி வரும். அவ்வளவு தண்ணி. அதாலை அடுப்பு நல்லா எரிய வேணும். அடுப்பு நல்லா எரியிறதெண்டால் புகைக்குழாய் சரியா இருக்க வேணும். எல்லாம் அந்தக் குழாயிலைதான் நிக்குது.

கலியாண வீட்டிலைதான் அவரை முதல் கண்டனான். ஊரிலை என்ன வேலை எண்டு கேட்டார். சீமெந்துத் தொழிற்சாலை எண்டன். அங்கை என்ன செய்தனீங்கள் எண்டார். அங்கை ஒரு பெரிய புகைக்கூண்டு இருந்தது, அதுக்குக் கீழைதான் என்ரை வேலை எண்டன். பொய்யில்லை தம்பி. என்ரை ஸ்ரோர் அந்தக் கூண்டுக்கு நேர் கீழை. அதிலை இருந்து இருபத்தொரு வருசம் மூட்டை எண்ணி எழுதினனான். அதை அவர் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. மனிசன் அப்பிடியே வாயைப் பிளந்துகொண்டு, ஓ, புகைக்கூண்டோ எண்டார். நான் பேசாமல் இருந்திட்டன். அவர் விளங்கிக்கொண்டது அவற்றை பாடு.

இப்ப வேலையை விட்டு ஆறு வருசமா மகளோடை இருக்கிறம். தங்கமான பிள்ளை, ஒரு குறை சொல்ல ஏலாது. ஆனா ஒரு வேலை தரமாட்டாள். பனி அள்ளப் போனால், அப்பா, நெஞ்சு. குப்பைப் பெட்டியை வெளியிலை வைப்பமெண்டால், அப்பா, வழுக்கும். எனக்கெண்டு விட்டிருந்தது ரீவி றிமோட் ஒண்டுதான். அதுக்கும் பற்றறி மாத்திறதெண்டால் மருமகன் ஓடி வந்து வாங்கிப்போடுவார். பாணிக் காலத்திலை இஞ்சை வந்தாலும் உதுதான் கதை. எல்லாரும் ஓடித் திரிவினம், நான் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு ஒரு மூலையிலை நிப்பன். ஆரும் வந்தால் சிரிப்பன். சத்தியமாச் சொல்லுறன், பெரிய கவலை அது. மனிசிக்கும் சொன்னதில்லை.

போன தை மாசம் சம்பந்தி ஐசிலை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சு. ஒப்பரேசன் செய்து வீட்டை கொண்டந்திட்டினம். பாக்கப் போனனாங்கள். கட்டிலிலை இருந்தபடி என்னைக் கிட்டக் கூப்பிட்டார். மகள் சொல்லிக்குடுத்து என்னைச் சம்பந்தி எண்டுதான் கூப்பிடுவார், நல்ல வடிவாச் சொல்லுவார்.

“சம்பந்தி, கொட்டிலுக்குப் புதுத் தாச்சி வாங்கி வைச்சிருக்கிறன். பழைய புகைக்குழாய் என்ரை அப்பா போட்டது, உக்கிப் போச்சு. புதுசு போட வேணும். உங்களுக்குத்தான் உது தெரியும். நீங்கள் பாத்துச் செய்யுங்கோ” எண்டார்.

பிறகு இன்னொண்டும் சொன்னார். கல் உடைக்கிற கொம்பனிக்காரன் ஒருத்தன் இந்தக் காட்டை வாங்கக் கேட்டுக்கொண்டு திரியிறானாம். “இந்த வருசம் காய்ச்சிப்போட்டமெண்டால் காடு நிக்கும். காய்ச்ச ஏலாமல் போனால் குடுத்துப்போட்டு, நானும் மகன் வீட்டை வந்து உங்களோடை இருக்கப்போறன்” எண்டார்.

இந்தக் காடு அவருக்கு உயிர், தம்பி. அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், ரெண்டு கிழவருக்கும் ஒரு றிமோட். யோசிச்சுப் பாருங்கோ.

“நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ, குழாய் என்ரை பொறுப்பு” எண்டு சொல்லிப்போட்டு வந்தன். ஆறு வருசத்திலை முதல்முதலா ஒரு மனிசன் என்னை நம்பி ஒரு வேலை தந்திருக்கிறார். காரிலை வரேக்கை மனிசி, என்னப்பா தனியச் சிரிக்கிறியள் எண்டு கேட்டா.

அடுத்த நாளே ரவுணுக்குப் போனன், பாணிச் சாமான் விக்கிற கடைக்கு. அங்கை ஒரு பிள்ளை நிண்டாள், ஷெல்லி எண்டு சட்டையிலை பேர் குத்தியிருந்தது. தாச்சி எவ்வளவு நீளம் எண்டாள். ஆறடி எண்டன். “அப்ப குழாய் அதின்ரை இரட்டிப்பு, பன்னிரண்டடி. அகலம் அடுப்பின்ரை புகைவாய் எவ்வளவோ அவ்வளவு, ஆறடித் தாச்சிக்குப் பத்து அங்குலம்” எண்டாள். முடிஞ்சுது! ஒரு கேள்வி, ஒரு மறுமொழி. முப்பது வயசும் வராது, எனக்குப் புகைக்குழாய் படிப்பிக்கிறாள். நாளைக்கு வாறன் பிள்ளை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

வந்து மச்சானுக்கு ரெலிபோன் அடிச்சன். மச்சான் எண்டால் மனிசின்ரை தம்பி, பஞ்சலிங்கம். மார்க்கம் எண்ட ஊரிலை வீடு வித்துக் குடுக்கிறவர். மனையடி சாத்திரம் கரைச்சுக் குடிச்ச ஆள். அறை இத்தினை அடி எண்டால் நல்லது, இத்தினை அடி எண்டால் கூடாது எண்டு சொல்லுற சாத்திரம், உங்களுக்குத் தெரியுந்தானே. அவர் அளந்து பாத்துச் சொல்லாமல் எங்கட சனம் அந்தப் பக்கத்திலை ஒரு வீடு வாங்காது.

“அத்தான், பன்னிரண்டோ? விசரோ உங்களுக்கு? பன்னிரண்டடி செல்வத்தைக் கரைச்சுப்போடும். போடுறதெண்டால் பதினொண்டு, இல்லாட்டிப் பதினாறு. பதினாறு ராசயோகம்” எண்டார்.

பதினொண்டு கட்டை. அதாலை பதினாறு. தொழிற்சாலைக் கூண்டு எவ்வளவு உயரம் எண்டு நான் கண்ணாலை கண்டனான். உயரம் கூடினால் நல்லதெண்டுதானே அப்பிடிக் கட்டினவங்கள்?

என்ரை மனிசி தவமணி அடுப்படியிலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டவ. “அவன் சொல்லுறது மனிசர் குடியிருக்கிற அறைக்கப்பா. புகை என்ன குடியிருக்கவே போகுது? போகத்தானே போகுது?” எண்டா.

“நீர் சும்மா இரும்” எண்டன்.

அகலத்தையும் நான் சும்மா விடேல்லை. பத்து அங்குலம் கண்டறியாத ஒடுக்கம். வாய் பெருத்தால்தானே புகை தாராளமாப் போகும்? பன்னிரண்டு அங்குலம் எண்டு முடிவெடுத்தன். உடனை மனிசி, “இப்பத்தானே பன்னிரண்டு கூடாதெண்டியள்?” எண்டா.

“அது அடிக்கு. அங்குலத்துக்குச் சாத்திரமில்லை” எண்டன். என்ன, சிரிக்கிறியள்? மச்சானிட்டையும் கேட்டனான், அங்குலம் தன்ரை பகுதி இல்லையெண்டுதான் சொன்னவர்.

கடையிலை அந்தப் பிள்ளை மூண்டு தரம் கேட்டாள், சேர், நிச்சயமோ, நிச்சயமோ எண்டு. மூண்டு தரமும் நிச்சயம் எண்டன். நாலடித் துண்டு நாலு, பத்தைப் பன்னிரண்டாக்கிற ஒரு பொருத்து, எல்லாம் கட்டி ஏத்தியாச்சு. மருமகன் ஏணி வைச்சு ஏறிப் பூட்டினார். அவரும், மாமா, இது கொஞ்சம் பெரிசில்லையோ எண்டு கேட்டவர். கேக்காதமாதிரி நிண்டிட்டன்.

பங்குனி பிறந்து சாறு ஓடத் தொடங்கிச்சுது. நல்ல நேரம் பாத்து, கற்பூரம் கொழுத்தி, அடுப்பு வாசலிலை தேங்காய் உடைச்சன். சம்பந்தி வீட்டு யன்னலிலை கதிரையைப் போட்டுக்கொண்டு, குருவி பாக்கிற தூரக்கண்ணாடியாலை இஞ்சை பாத்துக்கொண்டு இருந்தார். நெருப்பு மூட்டினன்.

ஐயோ தம்பி, அந்த இழுவையைப் பாத்திருக்க வேணும்! ஹூ எண்டு ஒரு சத்தம், றெயில் வந்த மாதிரி. விறகை வாசலிலை காட்ட உள்ளுக்கு இழுக்குது. என்ரை தொப்பியையும் இழுத்திருக்கும். எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. உடனை வீடியோ எடுத்து லண்டனிலையும் பாரிசிலையும் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்பினன். எல்லாரும் கைதட்டி அனுப்பினவை.

ரெலிபோன் அடிச்சுது. சம்பந்தி.

“எப்பிடி?” எண்டார்.

“அந்த மாதிரி இழுக்குது” எண்டன்.

“குழாயின்ரை நுனி சிவப்பாத் தெரியுது. நெருப்புப்பொறி மரத்துக்கு மேலாலை பறக்குது. தாச்சி கொதிக்குதோ?”

தாச்சியை நான் அதுவரைக்கும் பாக்கேல்லை. பாத்தன். மூலையிலை ரெண்டு மூண்டு குமிழி வந்து வந்து போகுது. கொதிக்கத் தொடங்குது எண்டன்.

பின்னேரம் நாலு மணிக்கும் அது தொடங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு கிழமைக்கெண்டு அடுக்கின விறகு ஒரு பகலிலை முடிஞ்சுது. அடுத்த நாளும் அப்பிடித்தான். மரத்திலையிருந்து சாறு வந்து, சேர்க்கிற தாங்கி நிரம்பி வழியுது. வெயில் வேறை எறிக்கத் தொடங்கிட்டுது. ரெண்டு நாள் வைச்சால் சாறு பால்மாதிரிக் கலங்கும், மூண்டாம் நாள் ஊத்தத்தான் வேணும். மகள் ரெலிபோனிலை, அப்பா, எல்லாம் சரிதானே எண்டு கேட்டாள். எல்லாம் சரி பிள்ளை எண்டன். விறகு ஈரம் எண்டன். தாச்சி பழசெண்டன். புதுத் தாச்சி எண்டாள். அப்ப புதுசெண்டபடியாத்தான் எண்டன்.

பிறகுதான் எனக்கு விசயம் பிடிபட்டது. கண்ணூறு! அந்த மனிசன் காலமை தொடக்கம் பின்னேரம் மட்டும் கண்ணாடி வைச்சுக் குழாயையே பாத்துக்கொண்டு இருக்கிறார். எந்தக் குழாய்தான் தாங்கும்? வேணுமெண்டு செய்யிறவரில்லை, ஆனா கண் கண்தானே.

மனிசியைக் கூப்பிட்டன். செத்தல் மிளகாய், உப்பு, மூண்டு வழி மண், எல்லாம் எடுத்துக் குழாயை மூண்டு தரம் சுத்தினா. பனிக்குள்ளை கொட்டிலைச் சுத்தி நடக்கிறதெண்டால் லேசுப்பட்ட வேலையே? சுத்திப்போட்டு அடுப்புக்குள்ளை போட்டா. ரெண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டம். ஒரு கமறல் இல்லை. ஒரு தும்மல் இல்லை. ஒரு பிடி செத்தல், தம்பி!

“பாத்தீரோ? மிளகாய் கமறேல்லை. எவ்வளவு கண்ணூறு எண்டு பாரும்!” எண்டன்.

அவ அடுப்பைப் பாத்தா. குழாயைப் பாத்தா. கையிலை மிச்சம் இருந்த மிளகாயையும் போட்டா. அதுவும் கமறேல்லை.

“இஞ்சேருங்கோப்பா, ஒரு பிடி செத்தலின்ரை புகையே இதுக்குள்ளை நிக்காமல் ஓடுது. உங்கட குழாய் எல்லாத்தையும் விழுங்குது. சூடு மட்டும் எப்பிடித் தாச்சிக்குக் கீழை நிக்கும்? நீங்கள் வானத்தையெல்லே காய்ச்சுறியள்?” எண்டா.

எனக்கு வந்த கோவம்! நாப்பத்திரண்டு வருசம் சோறு சமைச்ச மனிசி புகைக்குழாயைப் பற்றிக் கதைக்கிறா. ஏசிப்போட்டன். அவ மிளகாய் சுத்தின கடதாசியை மடிச்சு ஜாக்கெற் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு போயிட்டா. நான் தனிய நிண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டன். ஹூ, ஹூ எண்டு. எனக்கு அழுகை வந்திட்டுது, சொல்ல வெக்கமில்லை. அவ சொன்னது சரியெண்டு தெரிஞ்சு போச்சு. ரெண்டு தாங்கிச் சாறு கலங்கிப் போச்சு. என்ரை கையாலை சம்பந்தியின்ரை காட்டைக் கல்லுக்காரனுக்குத் தூக்கிக் குடுக்கப்போறன்.

பனிக்குள்ளாலை நடந்து அவற்றை வீட்டை போனன். சப்பாத்தைக் கழட்ட மறந்து போச்சு. அவர் யன்னலடியிலை கண்ணாடியை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தார். முன்னாலை நிண்டு சொன்னன்.

“நான் ஒரு நாளும் புகைக்கூண்டிலை வேலை செய்யேல்லை. நான் மூட்டை எண்ணினனான்.”

அவர் என்னை நிமிந்து பாத்தார். “தெரியும். கலியாணத்தண்டைக்கே மதுரா சொன்னவள்” எண்டார்.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்திட்டன். “அப்ப ஏன் என்னட்டைத் தந்தனீங்கள்?”

மனிசன் மடியிலை கிடந்த கண்ணாடியை எடுத்து யன்னலடியிலை வைச்சார். பிறகு மெதுவாச் சொன்னார், “குழாய் அளவு எனக்கும் தெரியாது, சம்பந்தி.”

அம்பது வருசமா பாணி காய்ச்சிறார், தம்பி! அம்பது வருசமும் தகப்பன் போட்ட குழாய். ஒரு நாளும் அவர் ஒரு குழாய் வாங்கினதில்லை. அளவு கேட்டால் கடைப்பிள்ளை சிரிப்பாள் எண்டு வெக்கமாம். மகனிட்டைக் கேட்டால், அப்பா, உங்களுக்கு இனி ஏலாது, வியுங்கோ எண்டு சொல்லுவான் எண்டு பயமாம். அதாலை என்ரை தலையிலை கட்டி விட்டவராம். யன்னலிலை இருந்து பாத்தது கண்ணூறும் இல்லை ஒண்டும் இல்லை. பயத்திலை பாத்திருக்கிறார்.

நான் அவரைப் பாத்தன், அவர் என்னைப் பாத்தார். எனக்கு அப்ப அவரிலை வந்த பாசம், என்ரை கூடப்பிறந்தவனிலையும் வந்ததில்லை.

பிறகு கடைக்குப் போனன். என்ன சொல்லிக் கேக்கிறதெண்டு வழி முழுக்க இங்கிலிசிலை பாடமாக்கிக்கொண்டு போனன். அந்தப் பிள்ளை ஷெல்லி என்னைக் கண்டவுடனை ஒண்டும் கேக்காமல் பின்னுக்குப் போய், ஒரு கட்டுக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து வைச்சாள். பத்து அங்குலம், பன்னிரண்டடி. மேலை என்ரை பேர் எழுதி ஒட்டியிருக்கு. நான் முதல் குழாய் வாங்கின அண்டைக்கே எடுத்து வைச்சிட்டாளாம். பாருங்கோ, எப்பிடியான பிள்ளையள்!

பூட்டி மூட்டினால், சத்தமே இல்லை. எனக்கு அது கொஞ்சம் கவலைதான். ஆனா பத்து நிமிசத்திலை தாச்சி முழுக்கப் பொங்கி உருண்டுது. கொட்டில் நிறைய வெள்ளை ஆவி, ஒரு இனிப்பு வாசம். தவமணி வந்து பாத்தா. ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அதுதான் கூடக் குத்திச்சுது.

ஆனா தம்பி, ஒண்டு சொல்லவேணும். போன கிழமை மச்சான் வந்து அளந்தவர். குழாய் பன்னிரண்டடி, சரி. அடுப்பின்ரை உயரம் நாலடி. நிலத்திலையிருந்து நுனி மட்டும் எவ்வளவு? பதினாறு! சாத்திரத்திலை நிலத்திலையிருந்துதான் அளக்கிறதாம். அப்ப நான் முதல் சொன்னது என்ன? பதினாறு. அளக்கத் தொடங்கின இடந்தான் கொஞ்சம் பிசகிப் போச்சு. இதை மனிசிக்குச் சொன்னால் எழும்பிப் போறா.

அந்தக் கல்லுக்காரன் வந்தவன். நல்லாக் காய்ச்சி ஏறுற நேரம். சம்பந்தி அண்டைக்குத்தான் முதல்முதலா ஊண்டுகோலோடை கொட்டிலுக்கு வந்து, தாச்சியிலை பாணி இறக்கிற வாயடியிலை நிக்கிறார். பாணி பதம் வரேக்கை அந்த இடத்தை விட்டு அசைய ஏலாது, ஒரு நிமிசம் பிந்தினாலும் கருகிப்போம். வந்தவன் கடதாசியை நீட்டிக்கொண்டு, கோர்டன், முடிவு என்ன எண்டான். சம்பந்தி தாச்சியிலையிருந்து கண்ணை எடுக்காமல், “அவரைக் கேள்” எண்டு என்னைக் காட்டினார்.

என்னை! நான் கையிலை விறகோடை நிக்கிறன். அவன் திரும்பி என்னை மேலையும் கீழையும் பாத்தான். காட்டைப் பற்றி என்னட்டைக் கேக்கிறான். குப்பைப் பெட்டி வைக்கிறதைப் பற்றியே என்னட்டை ஆரும் கேக்கிறதில்லை.

இங்கிலிசு ஒண்டும் வரேல்லை. பிறகு சொன்னன், “இந்தக் குழாய் புதுசு. முப்பது வருசம் நிக்கும். அதுக்குப் பிறகு வாங்கோ.”

அவருக்கு எழுபத்திநாலு, எனக்கு அறுபத்தெட்டு. வந்தவன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தான். சம்பந்திக்குச் சிரிப்பு வந்திட்டுது. இடுப்பு நோகுது எண்டு கத்திக் கத்திச் சிரிக்கிறார், கண்ணாலை தண்ணி வருது. அவரைப் பாக்க எனக்கும் வந்திட்டுது. விறகைக் கீழை போட்டிட்டன். அவன் எப்ப போனவன் எண்டு தெரியாது. தாச்சியை ஆரும் பாக்கேல்லை. மணம் மூக்கிலை அடிக்கேக்கைதான் திரும்பினம்.

அண்டையான் பாணி முழுக்கக் கருகிப் போச்சு. எங்கட ரெண்டு பேரிலை ஒருத்தருக்கும் கவலையில்லை.